பிச்சி தேடுன பாதிப் பாய்

டேய் சோணை, காலை மடக்கு. ஒரு பாயில நீ ஒருத்தனே நாலு பக்கமும் கையக் கால விரிச்சுக்கிட்டா அம்மா வந்து எங்கடா படுக்கும், அடுப்பு மேலயா? ரெண்டாம் ஷிப்டு முடிச்சு மில்லு வண்டியில வந்துக்கிட்டு இருக்கும். வந்ததும் சோறுகூட வேணாம், முதுகைச் சாய்ச்சாப் போதும்னுதான் வரும். நேத்து என்ன ஆச்சு? நீ உதைச்ச உதையில அது எந்திரிச்சுப் போய் செவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குச்சு. காலையில கழுத்தைத் திருப்ப முடியல. கூப்பிட்டா ஆளோட சேந்து திரும்புது, பீரோ மாதிரி.

என்னது, நகரமாட்டியா? கதை சொன்னாத்தான் நகருவியா? எனக்கே கண்ணு எரியுதுடா. நாள் பூரா கடையில நின்னு ஜெராக்ஸ் எடுத்து, எவனெவன் ஆதார் கார்டு மூஞ்சியவோ ரெண்டு பக்கமும் எடுத்து, இப்ப கண்ண மூடுனா எல்லா மூஞ்சியும் வரிசையா வருது. சரி, சொல்றேன். ஆனா நீ "ம்" கொட்டணும். ம் நின்னா கதையும் நிக்கும். நடுவுல நான் தூங்கிட்டா எழுப்பக்கூடாது.

ஒரு ஊர்ல ஒரு எலக்ட்ரான் இருந்தாளாம்.

எலக்ட்ரான்னா யாரா? இந்தா ஃபேன் ஓடுதுல்ல, சரி, ஓடுற மாதிரி நடிக்குதுல்ல, அதோட கம்பிக்குள்ள ஓடுற பொடிசுக. கண்ணுக்குத் தெரியாது. ஒரு தூசி மேல லட்சக்கணக்குல உக்காரலாம், யாரும் தள்ளி உக்காருன்னு சொல்லமாட்டாங்க. அதுல ஒருத்தி. பேரு பிச்சி.

ஊரு நம்ம ஊரு இல்ல. வியாழன். மொட்டைமாடியில இருந்து வெள்ளையா ஒண்ணு காட்டுனேன், நீ நட்சத்திரம்னு சொன்ன, நான் இல்ல கிரகம்னு சொன்னேன், அதுக்கு அரை மணி நேரம் அழுதியே, அதேதான். அம்புட்டுப் பெரிய கிரகம். அதைச் சுத்தி ஒரு நிலா, பேரு அயோ. ஐயோ இல்லடா, அயோ. ஆனா அங்க இருக்கறவங்க ஐயோன்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பாங்க, ஏன்னா அது நாள் பூரா நெருப்பைக் கக்கிக்கிட்டே இருக்குற நிலா.

எலக்ட்ரானுக்கு அணுதான் வீடு. அங்க கந்தகம்னு ஒரு வீடு. தீக்குச்சி கிழிச்சா மூக்குல சுர்ருன்னு ஏறுமே, அந்த வீடு. அந்த வீட்டுல ஒரு சட்டம். ஒரு ரூமுக்கு ரெண்டு பேரு, அதுக்கு மேல கிடையாது. ஒருத்தி இந்தப் பக்கமாச் சுத்திப் படுப்பா, இன்னொருத்தி அந்தப் பக்கமாச் சுத்திப் படுப்பா. முதுகும் முதுகும் ஒட்டிக்கிட்டு. யாரும் யாரையும் உதைக்கமாட்டாங்க. கேட்டியா? உதைக்கமாட்டாங்க. பிச்சியும் அப்படித்தான் சுகமாத் தூங்கிக்கிட்டு இருந்தா.

அப்போ ஒரு நாளு அயோ கக்குச்சு பாரு. டமார்! வீடு மேல பறந்துச்சு. பறந்த வேகத்துல எது மேலயோ போய் மோதி, வீடு ஒரு பக்கம் போச்சு, பிச்சி ஒரு பக்கம் போனா. தூக்கக் கலக்கத்துல கண்ணத் தொறந்து பாத்தா, பாயும் இல்ல, ரூமும் இல்ல, சுத்தி ஒரே இருட்டு.

ம் சொல்லு. ம்.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, ஒரு நூலு வந்து அவளப் பிடிச்சுக்கிச்சு. வியாழனோட வயித்துக்குள்ள ஒரு பெரிய காந்தம் இருக்கு. ஃப்ரிட்ஜுல ஒட்டிவைக்கிற காந்தம் இல்ல, ஒரு ஃப்ரிட்ஜுக் கம்பெனியையே தூக்கி ஒட்டிக்கிற காந்தம். அதுல இருந்து கண்ணுக்குத் தெரியாத நூலு வரும். கிரகத்தோட உச்சியில கிளம்பி, வெளிய தூரமா வளைஞ்சு போய், திரும்ப அடியில வந்து சேரும். அந்த நூலு பிடிச்சா விடாது. பிச்சி அதைச் சுத்திக் கிர்ர்ர்ருன்னு சுத்திக்கிட்டே மேல் கோடிக்கு ஓடுவா. அங்க நூலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி ஒரே நெரிசல். "திரும்பு, திரும்பு"ன்னு தள்ளிவிட்டுரும். அப்ப கிர்ர்ர்ருன்னு கீழ்க் கோடிக்கு ஓடுவா. அங்கயும் நெரிசல். "திரும்பு, திரும்பு." மேல, கீழ, மேல, கீழ.

அம்மா சொல்லும்ல, சைடு பாக்குறதுன்னு? மெஷினோட இந்தக் கோடியில நூலு அறுந்தா இங்க ஓடி முடிச்சுப் போடணும், அதுக்குள்ள அந்தக் கோடியில அறுந்தா அங்க ஓடணும். அது மாதிரி. ஆனா அம்மாவுக்கு ஷிப்டு முடிஞ்சா சங்கு ஊதுவாங்க. பிச்சிக்குச் சங்கே கிடையாது.

ஓடுறா, ஓடுறா, காலு இருந்தா வலிச்சிருக்கும். காலு இல்ல, அதனால மொத்த ஆளும் வலிக்குது. அவளுக்கு வேற ஒண்ணும் வேணாம்டா. நகை வேணாம், நட்டு வேணாம். ஒரு பாயில பாதி வேணும். பக்கத்துல ஒரு முதுகு வேணும். அவ்வளவுதான்.

அந்த நூலுல கூடவே ஓடிக்கிட்டு இருந்தா இருளாயி அக்கா. ரொம்ப நாளா ஓடுறவ. தலையெல்லாம் நரைச்சுப்போச்சு. எலக்ட்ரானுக்குத் தலையே இல்லையே, அப்புறம் நரை எங்க வந்துச்சுன்னு கேட்டா இந்தக் கதையை இத்தோட நிறுத்திருவேன்.

"அக்கா, இங்க படுக்க எடம் கிடைக்குமா?"ன்னு பிச்சி கேட்டாளாம்.

"கோடிக்குக் கீழ காத்து இருக்கு. அதுல ஹைட்ரஜன் வீடுக இருக்கு. எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு பேரா படுத்துக் கதவைச் சாத்திட்டாளுக. போய் இடிச்சா வெளிச்சம் வரும், எடம் வராது."

"இடிச்சுப் பாத்தவங்க என்ன ஆனாங்க?"

"எவளும் திரும்பி வந்து சொல்லலடி."

"அப்ப வேற எங்கதான் எடம் இருக்கு?"

இருளாயி அக்கா ஓடிக்கிட்டே யோசிச்சாளாம். "சூரியன் பக்கமிருந்து ஒருத்தி காத்தோட காத்தா வந்தா. அவ சொன்னா, வர்ற வழியில நீலமா ஒரு குட்டிக் கிரகம் இருக்காம். அங்க ஆக்சிஜன்னு ஒரு வீடு. அதுல ரெண்டு ரூமுல ஒருத்தி ஒருத்தியாத்தான் படுத்திருக்காளுகளாம். பாதிப் பாய் காலியாவே கிடக்காம்."

"யாருக்காம் காலி?"

"அதை அவ கேக்கலையாம். அவளும் உன்ன மாதிரி அவசரக்காரி."

"நான் அங்க போகணும்க்கா."

"போ. யாரு வேணாம்னா? ஆனா இந்த நூலைவிட்டுத் தப்பி, அம்புட்டு இருட்டையும் தாண்டிப் போக வேகம் வேணும்டி. நம்மகிட்ட இருக்குற வேகத்துக்குத் தெருமுக்குக் கடைக்குப் போய்ட்டு வரலாம். அதுவும் கடை தொறந்திருந்தா."

ம்? ம் கேக்கலையே. ஆங்.

அப்போ பிச்சி நினைச்சா, இம்புட்டுப் பெரிய காந்தம் இருக்கே, அதுகிட்டயே வேகம் கேட்டா என்னன்னு. கோடிக்குப் போகும்போது கத்துனாளாம். "காந்தம் ஐயா! என்னைய ஒரு தள்ளு தள்ளி விடுங்கய்யா!"

காந்தம் அடித்தொண்டையில, மில்லு சூப்பர்வைசர் மாதிரி, முகத்தப் பாக்காமயே பேசுச்சாம். "நான் திருப்புவேன். தள்ளமாட்டேன்."

"ஒரே ஒரு தடவைங்கய்யா."

"எங்கிட்ட திருப்பம்தான் இருக்கு. வேகம் இல்ல. திரும்பு."

கிர்ர்ர்ர். திரும்பிட்டா. அவ்வளவு பெரிய ஆளு, அவ்வளவு பலம், ஆளப் பிடிச்சு வச்சுக்கத் தெரியும், திருப்பத் தெரியும், ஒரு துளி வேகம் குடுக்கத் தெரியாது. சில பேரு அப்படித்தான். பேரு சொல்லமாட்டேன், எங்க கடை ஓனர்.

அப்புறம் அந்தப் பக்கமா சுருளின்னு ஒருத்தன் வந்தான். வாயைத் தொறந்தா மூடமாட்டான். "என்ன பிச்சி, வேகம் தேடுறியாமே? எங்கிட்டக் கேக்கவேண்டியதுதானே? உள் பக்கமா வழுக்கிக்கிட்டே போ. கிரகத்துக்குக் கிட்டப் போகப் போக நூலு நெருக்கமா இருக்கும். நெருக்கமா இருந்தாச் சுத்து வேகமாகும். நான் போயிருக்கேன். ஒளியவே ஓவர்டேக் பண்ணப் பாத்தேன், பாவம்னு விட்டுட்டேன்."

இருளாயி அக்கா ஒரு பெருமூச்சு விட்டா.

பிச்சி உள்ள போனா. கொஞ்சம் கொஞ்சமா, நூலுக்கு நூலு தாவி. அட, நெசந்தான்! கிர்ர்ர். கிர்ர்ர்ர்ர். கிர்ர்ர்ர்ர்ர்ர்! உடம்பெல்லாம் சூடேறுது. தறிகெட்ட வேகம். போதும்டா சாமி, இப்ப வெளிய ஓடிருவோம்னு திரும்புனா. வெளி நூலுக்கு ஒரு தாவு. சுத்து கொஞ்சம் குறைஞ்சுச்சு. இன்னொரு தாவு. இன்னும் குறைஞ்சுச்சு. தாவத் தாவக் குறையுது. கிளம்புன எடத்துக்கு வந்து நின்னு பாத்தா, கிளம்பும்போது என்ன வேகமோ அதேதான். ஒரு துளி கூடல.

"என்னடா சுருளி இது?"

"அது அப்படித்தான். வாடகைச் சைக்கிள் மாதிரி. உள்ள ஓட்டிக்கலாம். வெளிய வரும்போது விட்டுட்டு வரணும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீ போறேன்னு சொன்ன. வர்றேன்னு சொல்லலையே!"

அடிக்கலாம்னா கை இல்ல. பிச்சி திரும்ப மேல, கீழ, மேல, கீழ. முன்ன விட இப்ப ஜாஸ்திக் களைப்பு. ஒண்ணு கிடைக்கும்னு நம்பி ஓடி, கிடைக்காம திரும்பி வந்தா ஒரு களைப்பு வரும்ல, நான் காலேஜுல இருந்து திரும்பி வந்தேனே, அந்த மாதிரி. சரி, அது கிடக்கட்டும்.

தூங்கிட்டியா? இல்லையா? ம் மெலிசா வருதேன்னு பாத்தேன்.

இப்பத்தான் முக்கியமான எடம். அந்த ஊர்ல ஒரு பழக்கம் உண்டு. ஓடிக்கிட்டே இருக்குற கூட்டம், நூலோட நட்டநடுவத் தாண்டும்போது ஒரு கூவு கூவும். ஊய்ய்ய்ங்! அடியில ஆரம்பிச்சு மேல ஏறும் சத்தம். ஊய்ய்ய்ங்! ஊய்ய்ய்ங்! ஒருத்தி கூவுனா அடுத்தவ கூவுவா, அப்புறம் எல்லாரும். விடியக்காலையில நம்ம வேப்பமரத்துல குருவிக்கூட்டம் ஒண்ணாக் கத்தும்ல, அதே மாதிரி இருக்கும். அந்தக் கூவல் நடுவுல கிளம்பி, நூலப் பிடிச்சுக்கிட்டு கோடியப் பாத்து ஓடும்.

எல்லாரும் கூவுவாங்க, பிச்சி மட்டும் கூவமாட்டா. "எனக்கு இருக்குற அசதியில கூவல் ஒண்ணுதான் கேடு"ன்னு முகத்தத் திருப்பிக்குவா. கூவல் பின்னாடி வந்தா அதுக்கு முன்னாடி ஓடுவா. எதிர்ல வந்தா ஒரு ஓரமா ஒதுங்கிக்குவா. மேல படவே விடமாட்டா. பக்கத்து வீட்டு டிவி சத்தத்துக்கு நம்ம ஜன்னலச் சாத்துவோம்ல, அப்படி.

அப்போ ஒரு தடவை, மேல் கோடியில திரும்பி நடுவப் பாத்து வந்துக்கிட்டு இருக்கா. எதிர்ல ஊய்ய்ய்ங்குன்னு கூவல் வருது. ஒதுங்கணும். ஆனா ஒதுங்கறதுக்குக்கூட அவகிட்டத் தெம்பு இல்ல. "வந்தா வரட்டும் போ"ன்னு அப்படியே எதிர்ல போனா.

கூவல் அவ மேல வந்துச்சு. வந்து, அவ சுத்துற சுத்துக்குச் சரியா, அதே தாளத்துல, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தள்ளு. கிர், ஊய்ங். கிர், ஊய்ங். கிர், ஊய்ங்! நீ ஊஞ்சல்ல பின்னாடி வந்து திரும்புற நேரம் பாத்து நான் தள்ளுனா எப்படிப் பறப்ப? அந்த மாதிரி.

"அக்கா! அக்கா! எனக்கு வேகம் கூடிருச்சு!"

"கூடும், கூடும்,"னா இருளாயி அக்கா, அதிசயமே இல்லாத மாதிரி.

மறு தடவை பிச்சி ஆசையா எதிர்ல போனா. ஊய்ய்ய்ங்! ஆனா இந்தத் தடவை தாளம் சேரல. இவ முன்னாடி வரும்போது அது தள்ளுது. வந்த வேகத்துல பாதியப் பிடுங்கிட்டுப் போயிருச்சு. பிச்சிக்கு அழுகையே வந்துருச்சு. "இதுவும் வாடகைதானாக்கா? எல்லாம் ஏமாத்தா?"

"வாடகை இல்லடி. குடுக்கும், பிடுங்கும். ஆனா ஒதுங்காம எதிர்ல போய்க்கிட்டே இருந்தேன்னா, பிடுங்குனத விடக் குடுத்தது கொஞ்சம் ஜாஸ்தியா நிக்கும். நிக்கறது உன்னோடது. யாரும் கேக்கமாட்டாங்க."

மூணாவது தடவை பயந்துக்கிட்டேதான் போனா. கூவல் வந்துச்சு. தாளம் சேந்துச்சு. அது மேல ஏற ஏற இவளும் ஏறுனா. கிர்ர், ஊய்ய்ங். கிர்ர்ர், ஊய்ய்ய்ங்! அந்தக் கூவல் ஓயுற வரைக்கும் அவ விடவே இல்ல.

அப்பத்தான் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. கூடவே ஓடுற இருளாயி அக்காவப் பாத்துக் கேட்டா. "அக்கா, காந்தத்துகிட்ட வேகம் இல்ல. நூலுகிட்ட இல்ல. அப்ப இந்தக் கூவல்ல இருக்கறது யாரோட வேகம்?"

"எங்களோடதுதான்."

"எங்களோடதுன்னா?"

"கூவுற ஒவ்வொருத்திக்கும் ஒரு துளி அதுல போயிரும். சேந்தா அலையாகும்."

"நீங்களே களைச்சுப்போய்த்தான இருக்கீங்க!"

"எல்லாரும் களைச்சுத்தான்டி இருக்கோம். கூவுறவளுக்கு அவ கூவல்ல ஏற முடியாது. எல்லாரும் வெளிய போற அளவுக்கு எல்லார்கிட்டயும் சேத்தும் வேகம் இல்ல. ஒருத்தி போலாம்."

"அந்த ஒருத்தி நான் எதுக்கு?"

"நீ எதிர்ல வந்த. அதுக்கு மேல காரணம் எனக்குத் தெரியாது. இம்புட்டுக் கேள்வி கேப்பன்னு தெரிஞ்சிருந்தா வாயத் தொறந்திருக்கமாட்டேன்."

ம்... சோணை? சரி, இருக்க.

அப்புறம் அப்படியே போச்சுடா. எத்தனை கூவல்னு கேக்காத, அவ எண்ணல, நானும் எண்ணல. சிலது குடுத்துச்சு, சிலது பிடுங்குச்சு. மெல்ல மெல்ல நின்னுச்சு. பிச்சி ஏறிக்கிட்டே போறா. ஆனா இன்னொண்ணும் நடந்துச்சு. ஒவ்வொரு கூவலுக்கும் இருளாயி அக்கா கொஞ்சம் சாயுறா. அகலமாச் சுத்திக்கிட்டு இருந்தவ, நெட்டுக்குத்தலா ஓட ஆரம்பிச்சா. அப்படி ஓடுனா கோடியில சீக்கிரம் திரும்ப முடியாது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கீழ போய்த்தான் திரும்புறா. அந்தக் கதவு சாத்துன வீடுகளுக்குக் கிட்ட.

"அக்கா, கூவாதீங்க. போதும். இருக்கறது எனக்குப் போதும்."

"போதாதுடி, எனக்குத் தெரியும். இன்னொண்ணு இருக்கு."

ஊய்ய்ய்ய்ய்ங்! அது வரைக்கும் அந்த நூலுல யாரும் கேக்காத கூவல். பிச்சி அதுல ஏறி, ஏறி, ஒளிக்குப் பக்கத்து வேகத்துக்கு வந்துட்டா. ஏறி முடிச்சுத் திரும்பிப் பாக்குறா. இருளாயி அக்கா மேல் கோடியப் பாத்துப் போறா. நெரிசல் வருது. "திரும்பு, திரும்பு." அக்கா திரும்பல.

கோடிக்குக் கீழ, காத்துல, மினுக்குன்னு ஒரு வெளிச்சம் வந்துச்சு. அவ்வளவுதான்.

பேரு இருளாயி. போனது வெளிச்சமா.

அழாதடா. அழுதா மூக்கு ஒழுகும், அந்தத் தலகாணியில அம்மாவும் தலை வைக்கணும். துடை. என் சேலையில இல்ல, உன் சட்டையில.

பிச்சியும் அழுதா. ஆனா நிக்க முடியாதுல்ல, ஓடிக்கிட்டேதான் அழணும். நடுவத் தாண்டும்போது, அது வரைக்கும் ஒரு தடவைகூட வாயத் தொறக்காதவ, ஒரு கூவு கூவுனாளாம். ஊய்ய்ங். பாதி சத்தம்தான் வந்துச்சு. ஒரு துளி வேகம் போச்சு. போகட்டும், எதிர்ல எவளாச்சும் வருவாள்ல.

அப்புறம் வெளிப் பக்கமாத் தாவுனா. தாவத் தாவ, வாடகை வேகத்தையெல்லாம் நூலுக பிடுங்கிக்கிச்சுக. பிச்சிக்கு உசுரே போச்சு, எல்லாம் போயிருமோன்னு. ஆனா கூவல் குடுத்தது மட்டும் அப்படியே ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அதுல யாரும் கை வைக்கல. கடைசியா, வியாழனோட வால் பக்கம், சூரியக் காத்து அடிச்சு நூலெல்லாம் ரொம்ப நீளமா இழுபட்டுக் கிடக்குற எடம். அங்க அப்பப்ப நூலு அறுந்துபோகும். பட்டுன்னு. இங்க அறுந்தா அம்மா ஓடிப்போய் முடிச்சுப் போட்டுரும். அங்க முடிச்சுப் போட ஆளு ஏது?

பட்!

அந்த இடுக்குல விருட்டுன்னு பாஞ்சா பாரு. பின்னாடி இருந்து சுருளி கத்துறான்: "ஏய் பிச்சி! வரும்போது எனக்கு எதாச்சும் வாங்கிட்டு வா!"

ரொம்ப தூரம்டா. ஒரே இருட்டு. சத்தம் இல்ல. பேச ஆளு இல்ல. வழியில சூரியனோட நூலு ஒண்ணு வளைஞ்சு வந்துச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. வந்து பாத்தா, நெசமாவே நீலமா, சின்னதா, ஒரு கிரகம். பக்கத்துல வந்தா, அடக்கடவுளே, இங்கயும் ஒரு காந்தம், இங்கயும் நூலு! பிச்சிக்குச் சிரிப்புதான் வந்துச்சாம், அழுது முடிச்ச பெறகு வருமே அந்தச் சிரிப்பு. ஆனா இது சின்னக் காந்தம், இவ பெரிய வேகம். உச்சிப் பக்கம் நூலெல்லாம் கீழ எறங்குற எடமாப் பாத்து உள்ள நுழைஞ்சுட்டா.

உள்ள காத்து. ஒரே கூட்டம். டங். டிங். டங். "மன்னிச்சுக்கோங்க." டங். "கொஞ்சம் வழி விடுங்க." டிங். "காலு மிதிபட்டுச்சா? மன்னிச்சுக்கோங்க." பெரியார் பஸ் ஸ்டாண்டுல சாயங்காலம் எறங்குன மாதிரி. ஒவ்வொரு இடிக்கும் கொஞ்சம் வேகம் போகுது. போகுது, போகுது. இருளாயி அக்கா குடுத்தது, அந்தக் கூட்டம் துளித்துளியாக் குடுத்தது, அத்தனையும் போகுது. கடைசியில எறும்பு நடக்குற மாதிரி ஆயிட்டா. இன்னும் ஒரு அடி எடுத்துவைக்கத் தெம்பு இல்ல.

அங்க ஒரு வீடு. கதவு ஒருக்களிச்சுத் தொறந்திருக்கு. எட்டிப் பாத்தா ஒரு ரூமு. ஒருத்தி பாயில ஒரு ஓரமா, செவத்தப் பாத்து, சுருண்டு படுத்திருக்கா. மிச்சப் பாதி காலி.

பிச்சி மெதுவாக் கேட்டாளாம். "எடம் இருக்கா?"

அவ திரும்பிக்கூடப் பாக்கல. அரைத் தூக்கத்துல சொன்னா. "அதுக்குத்தான விட்டிருக்கேன். படு. உதைக்காத."

"யாருக்குன்னு விட்டிருந்தீங்க?"

"வர்றவளுக்கு."

"நான்தான் வருவேன்னு தெரியுமா?"

"தெரியாது. களைச்சு வருவான்னு தெரியும். படு, பேசாத."

பிச்சி படுத்தா. அவ இந்தப் பக்கமாச் சுத்துனா, இவ அந்தப் பக்கமாச் சுத்துனா. முதுகும் முதுகும் பட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அவ கேட்டாளாம், "வெளிய டங்கு டிங்குன்னு கேட்டுச்சே, ரொம்ப வேகமா வந்தவ போல, அத்தனை வேகமும் எங்க?"

"வர்ற வழிக்குச் சரியாப் போச்சு."

"ம்,"னா அவ.

அப்புறம் பிச்சி தூக்கத்துல வாய்க்குள்ளயே ஒண்ணு முனகுனா. ஊய்ங். ரொம்ப மெதுவா. யாருக்கும் கேக்கல.

கதை கோடிக்கு வந்துருச்சு, நூலுக்கு முடிச்சுப் போட்டாச்சு, கண்ண மூடு.

சோணை?

...எங்கடா போற? செவத்துக்குள்ளயே போயிருவ போலயே. ம்? யாருக்கு விடுற? ...சரி, சரி. காலை மடக்கிக்கோ. அப்படித்தான். கண்ண மூடு.

வாம்மா. மெதுவா. செருப்ப வெளியவே விட்டுட்டு வா, இப்பத்தான் தூங்குறான். சோறு அப்புறம் பாக்கலாம், முதல்ல முதுகைச் சாயி. நான் வாசப்படிகிட்டப் படுத்துக்குறேன், எனக்கு அங்கதான் காத்து. இந்தா, பாரு, இது உன் பாதி. அவனா விட்டதுதான். ஏன்னு காலையில கேட்டுக்க.

படும்மா. உதைக்காத.